வினா யாரை நோக்கியது? வலிப்புற்ற குழந்தையின் பெற்றோரைப் பேசும் மூன்று பனுவல்கள்

முன்னுரை

நோயைப் பொருளாகக் கொண்ட படைப்புகள் நோயுற்றவரையோ அவரைக் குணப்படுத்த முனையும் மருத்துவரையோ மையத்தில் நிறுத்துவது வழக்கம். நோயுற்றது குழந்தையாக இருப்பின், பெற்றோர் இவ்விருவருக்கும் இடையில் துணை மாந்தராக ஒதுங்கிவிடுவர். அழுவதும் மன்றாடுவதும் தவறு செய்வதும் அவர்தம் பங்கு எனக் கொள்ளப்படும். வலிப்பு நோயைப் பொறுத்தவரை இவ்வமைப்பு பொருந்தாது. காய்ச்சலைப் போலவோ எலும்பு முறிவைப் போலவோ மருத்துவர் முன்னிலையில் காத்திருக்கும் நோயன்று இது. பெரும்பாலான வலிப்புகள் ஓரிரு நிமிடங்களில் நின்றுவிடுகின்றன. மருத்துவமனையை அடையும்போது குழந்தை உறங்கிக்கொண்டிருக்கும். நடந்தது குழந்தையின் நினைவில் இராது. மருத்துவரோ அதனைக் கண்டிரார். கண்டவர் பெற்றோர் மட்டுமே. மூளை மின்னலைப் பதிவும் பிற சோதனைகளும் இன்று துணைநிற்கின்றன. ஆயினும், கண்டவர் கூறும் விவரமே நோய் அறிதலின் அடிப்படையாக இன்றளவும் இருந்துவருகிறது.

எடுத்துரைப்பியல் நோக்கில் இதனை இவ்வாறு கூறலாம்: வலிப்பு நோயின் கதையில் பெற்றோர் துணைமாந்தர் அல்லர், அவர்களே எடுத்துரைப்பாளர். அவர்கள் கூறாவிடில் அந்நோய்க்குக் கதையே இல்லை. இந்நிலையில், அவ்வெடுத்துரைப்பாளரிடம் என்ன கேட்கப்படுகிறது, எத்தகைய குரலில் கேட்கப்படுகிறது என்பது இலக்கிய வினாவாகவும் அறவினாவாகவும் அமைகிறது. இக்கட்டுரை அவ்வினாவை மூன்று பனுவல்களின்வழி ஆராய முற்படுகிறது. முதலாவது, திருஞானசம்பந்தரின் திருப்பாச்சிலாச்சிராமப் பதிகமும் அதற்குச் சேக்கிழார் பெரியபுராணத்தில் தரும் பின்னணியும் ஆகும். இரண்டாவது, அமெரிக்க எழுத்தாளர் ஆன் ஃபேடிமன் 1997இல் வெளியிட்ட ‘தி ஸ்பிரிட் கேட்சஸ் யூ அண்ட் யூ ஃபால் டவுன்’ என்னும் நூல். மூன்றாவது, பிரெஞ்சு ஓவியர் டேவிட் பி. 1996 முதல் 2003 வரை ஆறு தொகுதிகளாக வெளியிட்டு, ஆங்கிலத்தில் ‘எபிலெப்டிக்’ எனப் பெயர்பெற்ற சித்திர நூல். காலத்தாலும் மொழியாலும் வகைமையாலும் வேறுபட்ட இவை மூன்றும் ஒரே குடும்பச் சூழலைப் பேசுகின்றன என்பதே இவற்றை இணைத்து நோக்குவதற்குக் காரணமாகும்.

மழவன் மகளும் பதிகத்தின் வினாவும்

சம்பந்தர் வரலாற்றில் கொல்லி மழவன் மகள் நிகழ்ச்சி தமிழாசிரியர் பலரும் அறிந்ததே. மழவனின் மகள் முயலகன் என்னும் நோயால் பீடிக்கப்படுகிறாள். மருத்துவ முயற்சிகள் பயனளிக்கவில்லை. செய்வதறியாத தந்தை அவளைத் திருப்பாச்சிலாச்சிராமத்துக் கோயிலில், இறைவன் திருமுன் கொண்டுவந்து கிடத்துகிறான். இன்று திருவாசி என வழங்கும் இத்தலம் திருச்சிராப்பள்ளிக்கு அருகே கொள்ளிடத்தின் வடகரையில் உள்ளது. அங்கு வரும் சம்பந்தர், உணர்வற்றுக் கிடக்கும் பெண்ணைக் கண்டு நிகழ்ந்ததைக் கேட்கிறார், பதிகம் பாடுகிறார், அவள் எழுகிறாள். முயலகன் நோயை வலிப்பு வகையாகக் கொள்வது தமிழ் அகராதி மரபு. கூத்தப்பெருமான் திருவடியின்கீழ்க் கிடக்கும் உருவத்திற்கும் அதுவே பெயர். வடமொழியில் அவ்வுருவம் அபஸ்மாரன் எனப்படும். அபஸ்மாரம் என்பது நினைவு நீங்குதல் என்னும் பொருளில் ஆயுர்வேத நூல்கள் வலிப்புக்கு இட்ட பெயராகும். திருவாசிக் கோயிலில் கூத்தப்பெருமான் முயலகன் மீதன்றிப் பாம்பின்மீது நிற்பதையும் தலமரபு இந்நிகழ்ச்சியோடு தொடர்புபடுத்துகிறது.

இந்நிகழ்ச்சியை நாம் பொதுவாகப் பதிகத்தின் ஆற்றலுக்குச் சான்றாகவே கற்பிக்கிறோம். அவ்வாறு கற்பிக்கும்போது மழவன் மறைந்துபோகிறான். அவனது செயலை வரிசைப்படுத்தி நோக்கின் இரண்டு செய்திகள் தெளிவாகின்றன. முதலாவது, அவன் மருத்துவத்தை விடுத்துக் கோயிலை நாடியவன் அல்லன். மருத்துவம் கைவிட்ட பின்னரே கோயிலுக்கு வருகிறான். பன்னிரண்டாம் நூற்றாண்டில் எழுந்த ஒரு பக்திக் காப்பியம், தந்தையின் முயற்சிகளை இவ்வரிசையிலேயே அமைத்திருப்பது கருதத்தக்கது. இரண்டாவது, மகளைக் கிடத்தியபின் அவனால் செய்யக்கூடியது ஒன்றுமில்லை. இறந்தாரைப் பாடும் துறைக்கு நம் இலக்கணம் கையறுநிலை எனப் பெயரிட்டது. மழவனது நிலை, குழந்தை உயிரோடிருக்கும்போதே நேரும் கையறுநிலை எனலாம்.

இதனினும் குறிப்பிடத்தக்கது பதிகத்தின் மொழியமைப்பு. பாடல்களுள் பெரும்பாலானவை ஒரே வினாவில் முடிகின்றன: இப்பெண்ணை இவ்வாறு வாடச் செய்வது இறைவனுடைய பெருமைக்குத் தகுமா என்பதே அவ்வினாவின் கருத்து. பதிகத்தைப் புராணப் பின்னணியின்றி வாசிப்பவர் இதனை அகப்பொருள் மரபில், தலைவன்பால் கொண்ட காதலால் மெலிந்த பெண்ணைப் பற்றிய கூற்றாகக் கொள்ளவும் இடமுண்டு. எவ்வாறு கொள்ளினும் வினா எவரை நோக்கியது என்பதில் ஐயமில்லை. அது இறைவனை நோக்கியது. “நீ என்ன தவறு செய்தாய்?” என்று தந்தையை எவரும் கேட்பதில்லை. முன்வினை பற்றிய பேச்சு மிகுந்த ஒரு மரபில் பெற்றோரின் வினைக்கணக்கைத் திறப்பது எளிது. பதிகம் அதனைச் செய்யவில்லை என்பதே இப்பனுவலின் அறச்சிறப்பாகும். அதே வேளையில், அப்பெண்ணின் பெயரையோ எழுந்தபின் அவள் வாழ்ந்த வாழ்க்கையையோ பனுவல் நமக்குக் கூறுவதில்லை. நலம்பெற்றதும் கதை முடிந்துவிடுகிறது. பெரும்பாலான பெற்றோரின் கதையோ அவ்விடத்தில் முடிவதில்லை.

மெர்செட் நகரில் கேட்கப்பட்ட வினா

ஃபேடிமனின் நூல் அவ்வாறு முடியாத ஒரு கதையைக் கூறுகிறது. லாவோஸ் நாட்டுப் போரின் பின் தாய்லாந்து வழியாக 1980இல் அமெரிக்காவை அடைந்த மாங் இனக் குடும்பம் ஒன்று கலிபோர்னியாவின் மெர்செட் நகரில் குடியேறியது. அங்கு 1982 சூலையில் லியா லீ பிறந்தாள். மூன்று திங்களில் அவளுக்கு முதல் வலிப்பு வந்தது. அக்காள் கதவை ஓங்கிச் சாத்திய அதிர்ச்சியில் குழந்தையின் உயிர்ப்பு அகன்றுவிட்டது எனப் பெற்றோர் கருதினர். அந்நோய்க்கு அவர்கள் மொழியில் வழங்கும் பெயரின் பொருளே நூலின் தலைப்பாயிற்று: ஆவி பிடிக்க, நீ விழுகிறாய்.

பெற்றோர் குழந்தையைத் தூக்கிக்கொண்டு மருத்துவமனைக்குத்தான் விரைந்தனர். முதல் இரு முறையும் அவர்கள் சென்றடையுமுன் வலிப்பு நின்றுவிட்டது. மொழிபெயர்ப்பாளர் இல்லை. கண்டதைக் கூறும் மொழி அவர்களிடம் இல்லாமையால், குழந்தைக்கு மார்புச்சளித் தொற்று எனக் கருதி மருந்தளித்து அனுப்பினர். 1983 மார்ச்சில், வலிப்பு நிற்காத நிலையிலேயே கொண்டுசென்றபோதுதான் நோய் இன்னதென அறியப்பட்டது. எடுத்துரைப்பாளர் இருந்தும் எடுத்துரைப்பு நிகழாத அவலம் இது. ஏறத்தாழ ஐந்து திங்கள் அதனால் கழிந்தன.

அதன்பின் நிகழ்ந்தவற்றை ஃபேடிமன் தரும் எண்ணிக்கைகளே உணர்த்துகின்றன. எட்டுத் திங்கள் முதல் நான்கரை வயது வரை லியா பதினேழு முறை மருத்துவமனையில் சேர்க்கப்பட்டாள். நூற்றுக்கு மேற்பட்ட முறை புறநோயாளியாகச் சென்றாள். நான்காண்டுகளுக்கும் குறைந்த காலத்தில் அவளுக்குரிய மருந்துக் குறிப்பு 23 முறை மாற்றப்பட்டது. எந்த மருந்து, எத்தனை முறை, எவ்வளவு, எதனை நிறுத்துவது, எதனைக் கூட்டுவது என்பவற்றையெல்லாம், எம்மொழியிலும் எழுத்தறியாத பெற்றோர் நினைவில் கொள்ள வேண்டியிருந்தது. வீட்டுக்கு வந்த தாதியர் மருந்துப் புட்டிகளில் வண்ணத்தாள் ஒட்டினர். சூரியனையும் நிலவையும் வரைந்து வேளையைக் காட்டினர். மருந்தளவு பிறழ்ந்தது. சில மருந்துகள் குழந்தையின் நடத்தையை மாற்றுவதைக் கண்ட பெற்றோர் அவற்றைக் குறைக்கவும் செய்தனர். மருத்துவர்கள் இதனைக் கட்டளைக்குப் பணியாமை எனப் பதிவு செய்தனர். இறுதியில் 1985இல் நீதிமன்ற ஆணையின்வழி லியா பெற்றோரிடமிருந்து அகற்றப்பட்டு, பத்துத் திங்கள் அளவில் வளர்ப்புப் பெற்றோர் இல்லத்தில் வைக்கப்பட்டாள். அங்கும் வலிப்பு முற்றாக நின்றுவிடவில்லை. அவ்வில்லத்தின் வளர்ப்புத் தாய் தம் சொந்தக் கைக்குழந்தையை லியாவின் தாயிடம் நம்பி விட்டுச்சென்றார் என்னும் செய்தியை நூல் பதிவு செய்கிறது. அரசு நம்ப மறுத்த தாயை அரசு நியமித்த தாய் நம்பினார் என்பது, எந்த மருத்துவக் குறிப்பும் காட்டாத சான்றாகும்.

இவ்விடத்தில் மருத்துவர்க்கு நீதி செய்வதும் திறனாய்வாளன் கடமை. நீல் எர்ன்ஸ்ட், பெகி பிலிப் ஆகிய இருவரும் அக்குழந்தைக்காக உறக்கம் இழந்தவர்கள். வலிப்பு மருந்தின் அளவு இரத்தத்தில் திடீரெனக் குறைவது கடுமையான வலிப்புக்கு வழிவகுக்கும் என்பது மருத்துவ உண்மை. அவர்தம் அச்சம் கற்பனையன்று. எனினும் அவர்கள் கேட்ட வினாவின் திசை பதிகத்தின் வினாவிற்கு நேர்மாறானது. “மருந்தை ஏன் தரவில்லை?” என்பது பெற்றோரை நோக்கிய வினா. “இத்தனை மருந்துகளை இவ்வாறு மாற்றி மாற்றித் தந்தால் எவரால் கணக்கு வைக்க இயலும்?” என்னும் வினா மருத்துவமுறையை நோக்கி எழுந்திருக்க வேண்டும். அது காலந்தாழ்ந்தே எழுந்தது. பின்னர் லியாவின் மருந்துகள் ஒரே மருந்தாக எளிமையாக்கப்பட்டபோது பெற்றோர் அதனை ஒழுங்காகவே கொடுத்தனர்.

1986 நவம்பரில் லியாவுக்கு நிற்காத பெருவலிப்பு வந்தது. ஃபிரெஸ்னோ நகரின் குழந்தைகள் மருத்துவமனைக்கு மாற்றப்பட்ட அவளுக்குக் கடும் இரத்தத் தொற்று இருந்தது கண்டறியப்பட்டது. மூளை மீளாச் சேதமுற்றது. பெற்றோர் ஒழுங்காகக் கொடுத்துவந்த அம்மருந்தே அவளது நோய் எதிர்ப்பாற்றலைக் குறைத்திருக்கலாம் என்னும் மருத்துவர் ஒருவரின் கருத்தையும் ஃபேடிமன் எடுத்துரைக்கிறார். சில நாளில் இறந்துவிடுவாள் என எண்ணி வீட்டிற்கு அனுப்பப்பட்ட லியா மேலும் இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்து, 2012 ஆகஸ்டு 31இல், முப்பதாம் வயதில் இறந்தாள். அவ்வாண்டுகளில் குளிப்பாட்டியும் உணவூட்டியும் முதுகில் சுமந்தும் அவளைக் காத்தவர்கள், குழந்தையைப் பேணத் தகுதியற்றவர் என ஒருகால் தீர்மானிக்கப்பட்ட அதே குடும்பத்தினரே.

‘பண்பாடு’ என்னும் விடையின் எல்லை

ஃபேடிமனின் நூல் அவ்வாண்டின் அமெரிக்கத் தேசியப் புத்தகத் திறனாய்வாளர் வட்ட விருதைப் பெற்றது. மருத்துவ மாணவர்க்குப் பாடநூலாகவும் பரவியது. ஒரு குடும்பத்தின் துயரை ஒரு தொழிலின் மனச்சான்றாக மாற்றிய பெருமை அதற்கு உண்டு. ஆயினும் நூலின் துணைத்தலைப்பு இரு பண்பாடுகளின் மோதலைப் பற்றிப் பேசுகிறது. அச்சட்டகமே நூலின் வலிமையும் குறையும் ஆகும். மானிடவியலாளர் ஜெனல் டெய்லர் 2003இல் எழுதிய கட்டுரையில், இந்நூல் துன்பியல் நாடகத்தின் வடிவை ஏற்பதால் முடிவு தவிர்க்க இயலாத ஒன்றாகத் தோன்றுகிறது என்றும், பண்பாடு ஊழின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது என்றும் வாதிட்டார். இது ஏற்கத்தக்க கருத்தே. மொழிபெயர்ப்பாளரை அமர்த்தாமை, மருந்துகளின் மிகுதி, வறுமை ஆகியவை ஊழால் நேர்ந்தவை அல்ல, மாற்றத்தக்கவை.

இக்கருத்தை மேலும் ஒரு படி நகர்த்த விரும்புகிறேன். பண்பாட்டுச் சட்டகம் தவிர்க்கத்தக்கதை ஊழாக்குவதோடு நில்லாமல், பெற்றோரைப் பெற்றோராகக் காணவிடாமலும் தடுக்கிறது. லியாவின் பெற்றோர் சடங்கு செய்தனர். தாய்லாந்திலிருந்து தாயத்து வரவழைத்தனர். ஆவியை ஏமாற்ற அவளைப் பெயர் மாற்றியும் அழைத்தனர். அதே பெற்றோர் மருத்துவமனைக்கும் ஓடினர், மருந்தும் கொடுத்தனர். மருந்து சிறிது, சடங்கு சிறிது என்பதே அவர்கள் நிலைப்பாடு. இதில் மாங் இனத்திற்கே உரியது சடங்கின் வடிவம் மட்டுமே. ‘இது பயன்படவில்லை, அதனையும் முயல்வோம், இம்மருந்து அவளை வேறொருத்தியாக்குகிறது, சற்றுக் குறைப்போம்’ என்னும் கணிப்பு எவ்வினத்துப் பெற்றோர்க்கும் உரியது. இதற்குச் சான்று வேண்டின் டேவிட் பி.யின் நூலை நாடலாம்.

ஓர்லியான் குடும்பத்தின் அலைச்சல்

டேவிட் பி.யின் இயற்பெயர் பியர் ஃபிரான்சுவா பொஷார். அவருடைய அண்ணன் ஜான் கிறிஸ்தோஃப்புக்கு 1964இல் வலிப்பு தொடங்கியது. பெற்றோர் பிரான்சின் ஓர்லியான் நகரில் ஓவியம் கற்பித்த ஆசிரியர்கள், கற்றவர்கள், நாட்டின் மொழியைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள். ‘பண்பாட்டு மோதல்’ எனச் சுட்ட அங்கு எதுவும் இல்லை. ஆயினும் அவர்கள் நடந்த பாதையைப் பார்த்தால் வியப்பு மேலிடுகிறது. மூளை அறுவைக்கு ஆயத்தமான மருத்துவரிடமிருந்து மகனை மீட்டுக்கொண்டு, ‘மேக்ரோபயாட்டிக்’ உணவுநெறியை நாடுகின்றனர். தொடக்கத்தில் வலிப்பு குறைகிறது; பின்னர் மீண்டும் வருகிறது. குடும்பம் முழுவதும் அவ்வுணவுநெறிக் குழுவினரோடு சென்று வாழ்கிறது. தொடர்ந்து குத்தூசி மருத்துவம், ஆவியோடு பேசுவோர் எனத் தேடல் ஆண்டுக்கணக்கில் நீள்கிறது.

மாங் தாயின் செயல் நம்பிக்கை எனவும், பிரெஞ்சுத் தாயின் செயல் தேடல் எனவும் நாம் பெயரிட்டு வாசித்தால், வேறுபாடு பனுவலில் இல்லை. நம் வாசிப்பில் உள்ளது. இருவர் செய்ததும் ஒன்றே. வலிப்பு நோயுற்றோருள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர்க்கு இன்றைய மருந்துகளும் முழுப்பயன் தருவதில்லை என்பது மருத்துவ உலகம் ஒப்பும் செய்தி. லியாவின் நோயும் மருந்துக்கு எளிதில் கட்டுப்படாத கடும் வகையைச் சார்ந்தது. மருத்துவம் முடித்துத் தராத வாக்கியத்தைப் பெற்றோர் தாமே முடிக்க முயல்கின்றனர்.

டேவிட் பி. நோயை நெளியும் பெரும் விலங்காக வரைகிறார். அவ்விலங்கு அண்ணனை மட்டுமன்றிப் பக்கங்களையும் வீட்டையும் சுற்றிக்கொள்கிறது. குழந்தை விழும் ஒவ்வொரு முறையும் குடும்பத்தின் காலம் நின்றுபோவதைச் சொல்லால் விளக்குவது அரிது. கோட்டோவியம் அதனை இயல்பாகச் செய்கிறது. இந்நூலின் குறையும் இதனோடு பிணைந்ததே. நோக்குநிலை தம்பியுடையது. எனவே பெற்றோர் ஒரு குருவிடமிருந்து அடுத்த குருவிடம் செல்வதை நாம் காண்கிறோம். அவர்கள் இரவில் தமக்குள் எடைபோட்டுப் பேசியவற்றைக் கேட்கும் வாய்ப்பு அரிதாகவே கிட்டுகிறது. தம்பியின் சினமும் குற்றவுணர்வும் நூலுக்கு உண்மையைத் தருகின்றன. ஆனால் பெற்றோரின் எடுத்துரைப்பு இங்கும் இடைவெளியாகவே நின்றுவிடுகிறது. இங்கு வினா வாய்விட்டுக் கேட்கப்படுவதில்லை. ‘ஏன் இத்தனை இடங்களுக்கு எங்களை இழுத்துச் சென்றீர்கள்?’ என்பது மகனின் வினாவாகப் பக்கந்தோறும் மறைந்து நிற்கிறது.

பெயரும் பழியும்

இம்மூன்று பனுவல்களையும் மலேசியத் தமிழ் வாசகர் வாசிக்கும்போது நம் மொழிச்சூழலும் உடன் வந்து நிற்கிறது. இந்நாட்டில் வழங்கும் மூன்று பெருமொழிகளும் இந்நோய்க்கு விலங்கின் பெயரையோ பறவையின் பெயரையோ ஒட்டிவைத்துள்ளன. மலாய்ப் பேச்சுவழக்கில் அது பன்றிப் பித்து. சீனப் பேச்சுவழக்கில் ஆட்டுப் பித்து. தமிழில் காக்கை வலிப்பு. கால் கை வலிப்பு என்பதே காக்கை வலிப்பு என மருவிற்று என்பாரும் உளர். அவ்விளக்கம் சரியாக இருப்பினும், வழக்கில் காக்கையே நிலைபெற்றுவிட்டது. பெயரின் சுமை சிறிதன்று என்பதனாலேயே கொரியாவிலும் ஹாங்காங்கிலும் 2010ஐ ஒட்டிய ஆண்டுகளில் மருத்துவர்கள் முன்னின்று நோயின் பெயரை மாற்றினர். ‘வலிப்பு நோய்’ என்னும் தூய பெயர் நம்மிடம் முன்னரே இருக்கிறது. பாடநூலிலும் வகுப்பறையிலும் அதனை வழங்குவது மட்டுமே எஞ்சியுள்ள பணி.

கையில் இரும்புச் சாவியைத் திணிக்கும் வழக்கமும் நம்மிடையே மறையவில்லை. இரும்பால் வலிப்பு நிற்பதில்லை. பெரும்பாலான வலிப்புகள் தாமே நின்றுவிடுவதால் சாவி நிறுத்தியதுபோல் தோன்றுகிறது. எனினும் இதனை மூடநம்பிக்கை என ஒரு சொல்லில் தள்ளிவிடுவது, மேலே கண்ட பண்பாட்டுச் சட்டகத்தின் மறுபதிப்பே ஆகும். சாவியைத் தேடி ஓடும் தாய் இரும்பை நம்புவதினும், சும்மா நிற்க இயலாமையால் ஓடுகிறாள். அவளுக்குத் தேவை ஏளனமன்று. செய்வதற்குரிய சரியான செயல். குழந்தையை ஒருக்களித்துப் படுக்கவைத்தல், தலைக்கு மெத்தென்று ஏதேனும் வைத்தல், வாயில் எதனையும் திணிக்காமை, கை கால்களை அழுத்திப் பிடிக்காமை, கடிகாரத்தைப் பார்த்து நேரத்தைக் குறித்தல், ஐந்து நிமிடத்திற்குமேல் நீடித்தால் அவசர ஊர்தியை அழைத்தல் ஆகியவை அச்செயல்கள். சாவியின் இடத்தில் கடிகாரத்தை வைப்பது கையறுநிலைக்கு ஒரு கை தருவதாகும். அவள் குறித்த நிமிடங்களே மறுநாள் மருத்துவர் கேட்கும் எடுத்துரைப்பாகவும் அமையும்.

முடிவுரை

உலகில் ஏறத்தாழ ஐந்து கோடிப் பேர் வலிப்பு நோயுடன் வாழ்கின்றனர் என்றும், முறையாக நோயறிந்து மருந்தளித்தால் அவர்களுள் எழுபது விழுக்காட்டினர் வரை வலிப்பின்றி வாழ இயலும் என்றும் உலகச் சுகாதார நிறுவனம் கூறுகிறது. எனவே நம் தமிழ்ப்பள்ளிகளிலும் இத்தகைய குழந்தைகள் உள்ளனர் என்பது உறுதி. அவர்தம் பெற்றோருள் சிலர் பள்ளிக்கு நோயைத் தெரிவிப்பதில்லை. அது வெளிப்படும் நாளில் ஆசிரியர் கேட்பது, “ஏன் முன்பே சொல்லவில்லை?” என்பதாகும். அவ்வினாவில் மெர்செட் மருத்துவமனையின் குரல் ஒலிக்கிறது. சொன்னால் மகளை எவரும் மணக்க மாட்டார் என்றும், மகனை வகுப்பில் எவரும் அருகில் அமர்த்த மாட்டார் என்றும் அப்பெற்றோர் கணித்திருப்பர். அக்கணிப்பு தவறென்று காட்டும் பொறுப்பு நம்முடையது.

மருத்துவ மானிடவியலாளர் ஆர்தர் கிளைன்மன் நோயாளியிடம் கேட்க வேண்டிய வினாக்களை 1970களில் வகுத்தளித்தார். நோய்க்கு நீங்கள் இட்ட பெயர் என்ன, அது எதனால் வந்தது எனக் கருதுகிறீர்கள், எதனை மிகவும் அஞ்சுகிறீர்கள் என்பன அவற்றுட் சில. லியாவின் பெற்றோர் இவ்வினாக்களுக்கு அளித்திருக்கக்கூடிய விடைகளை ஃபேடிமன் தம் நூலில் தொகுத்துக் காட்டுகிறார். அவற்றை உரிய காலத்தில் எவரும் கேட்கவில்லை என்பதே அப்பகுதியின் துயரம். ஆசிரியர்க்கு இதனினும் எளிய வினாக்கள் போதும்: வலிப்பு வருமுன் குழந்தையிடம் என்ன மாற்றம் தெரியும்? எவ்வளவு நேரம் நீடிக்கும்? அவ்வேளையில் நீங்கள் என்ன செய்வீர்கள், நாங்கள் என்ன செய்ய வேண்டும்? இவை பெற்றோரைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தாமல், கண்டதைக் கூறும் உரிமையுடையவராக ஏற்கும் வினாக்கள்.

இலக்கிய வகுப்பிலும் இதற்கு இடமுண்டு. கொல்லி மழவன் நிகழ்ச்சியைக் கற்பிக்கும்போது, பதிகத்தின் ஆற்றலோடு, மகளைக் கிடத்திவிட்டு நிற்கும் தந்தையையும் மாணவர்க்குக் காட்டலாம். சம்பந்தர் அவனிடம் கேட்டது நிகழ்ந்தது என்ன என்பதையே. தகுமா என்னும் வினாவை அவர் வேறிடத்தில் வைத்தார். வகுப்பில் எவர் வீட்டில் இந்நோய் உள்ளது என்பதை ஆசிரியர் அறிந்திரார். அப்பாடத்தைக் கேட்கும் மாணவருள் ஒருவர், தம் வீட்டில் நிகழ்வதைப் பேசலாம் என முதன்முறையாக எண்ணக்கூடும்.